மரம் ஊரைச் சொல்லாது

கேள்வி: பழைய மரச்சாமான் விற்பவர் ஒருவரிடம் நீளமான, தாழ்வான சைடுபோர்டு (இழுப்பறை அலமாரி) ஒன்றை வாங்கினேன். "அறுபதுகளில் டென்மார்க்கில் செய்த அசல் தேக்கு" என்று சத்தியம் செய்தார். முத்திரை எதுவும் இல்லை. இழுப்பறைகளின் பக்கப் பலகைகள் வெளிர்நிறம். பின்பலகைத் திருகாணிகளின் தலையில் கூட்டல் குறி, அதன் இடைவெளிகளில் மெல்லிய நான்கு கோடுகள். அவர் சொன்னது உண்மையா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்க்கலாமா?

பதில்: முதலில் அந்த உப்புத்தாளைத் தூரப் போடுங்கள், அம்மா. மேற்பலகை பெரும்பாலும் வெனீராகத்தான், அதாவது மலிவுப் பலகைமேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடாகத்தான் இருக்கும். அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆர்வத்தோடு நான்கு இழுப்பு இழுத்தால் கீழே உள்ள ஒட்டுப்பலகை பல்லிளிக்கும்.

பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நீங்கள் சொல்லும் திருகாணிக்குப் போஸிடிரைவ் என்று பெயர். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வந்தது. செய்த நாளிலேயே முடுக்கியதென்றால், உங்கள் சைடுபோர்டு ஐம்பதுகளைச் சேர்ந்ததல்ல. ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். திருகாணித் தலை மறைத்திருந்த இடத்தில் மட்டும் மரம் புதுநிறமாக, அதே அளவு வட்டமாகத் தெரிந்தால் நெடுங்காலமாக அங்கேயே இருந்திருக்கிறது. பக்கத்தில் அடைத்த துளை ஒன்று தென்பட்டால், பிற்பாடு யாரோ கைவைத்திருக்கிறார். திருகாணி பிரிட்டனைச் சந்தேகிக்க வைக்கிறது, அவ்வளவுதான். கடல் தாண்டிப் போகாத திருகாணி உண்டா?

அடுத்தது மரம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வால்நட் வெளிச்சம் பட்டு வெளுக்கும், செர்ரி கறுக்கும், சாயம் பூசிய பீச் எந்த மரமாகவும் வேஷம் கட்டும். சைடுபோர்டை இருவராகச் சாய்த்து, காலின் அடிமுனையைப் பாருங்கள். கால் மட்டுமாவது திடமரமாக இருக்கும், பாலிஷும் அங்கே எட்டியிருக்காது. புது பிளேடால் நகக்கண் அளவு மெல்லச் சீவிவிட்டு, லென்ஸ் வைத்துப் பாருங்கள். தேக்கானால் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும்; சீவிய இடம் விரலுக்கு மெழுகுபோல் வழுக்கும்; பழைய தோலின் வாசனை வரும். துளைகள் சிறியவையாக, எங்கும் சீராகப் பரவி, எண்ணெய்ப் பசையே இல்லையென்றால் அஃப்ரோர்மோசியா என்று நினைக்கலாம். ஆப்பிரிக்க மரம், அறுபதுகளில் பிரிட்டிஷ் பட்டறைகள் தேக்கோடு இதையும் தாராளமாகப் பயன்படுத்தின. ஈரத்தில் இரும்பு பட்டால் கறுக்கும் குணம் இதற்கு உண்டு. ஆணியைச் சுற்றி மைக்கறை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கப் பலகைகள் வெளிர்நிறமாக, எள் சிதறியதுபோல் குட்டைப் புள்ளிக்கோடுகளோடு இருந்தால் பீச்.

காலில் தேக்கு என்றே உறுதியானாலும் டென்மார்க் உறுதியாகிவிடாது. அந்த நாட்டில் தேக்கு விளைவதில்லை, ஆசியாவிலிருந்து கப்பலில்தான் வந்தது. அதே தேக்கு நார்வே, ஸ்வீடன், பிரிட்டன் பட்டறைகளுக்கும் போனது. இழுப்பறை மூலையில் புறா வால்போல் விரிந்த பற்களைக் கோத்த புறாவால் மூட்டைக் காட்டி "டேனிஷ் வேலைப்பாடு" என்று மயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல தச்சர் எந்த ஊரிலும் அந்த மூட்டைப் போடுவார்.

போதாக்குறைக்கு, 'டேனிஷ்' என்பதே அன்று விற்பனைச் சொல். இங்கிலாந்தின் ஜி பிளான் நிறுவனம் 1962இல் டேனிஷ் என்ற பெயரிலேயே ஒரு வரிசையை வெளியிட்டது. வடிவமைத்த இப் கோஃபோட்-லார்சன் டென்மார்க்காரர்தான். செய்த இடம் இங்கிலாந்தின் ஹை விக்கம். விற்றவர் பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன், கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருப்பார்.

ஊரைச் சொல்லக்கூடியது முத்திரைதான். இல்லை என்று முடிவு கட்டுமுன் எல்லா இழுப்பறைகளையும் வெளியே எடுத்து, உள்கூட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். டேனிஷ் பட்டறைகள் பல, பெயரைச் சூடுவைத்துப் பொறித்தன. டேனிஷ் ஃபர்னிச்சர் மேக்கர்ஸ் கன்ட்ரோல் என்ற தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் சிறு வட்ட முத்திரை வில்லையும் உண்டு. அது உதிர்ந்திருந்தால் வட்டத் தழும்பாவது மிஞ்சும். ஜி பிளான் முத்திரை பொன்னிற எழுத்தில், பெரும்பாலும் இழுப்பறைக்குள் இருக்கும். ஒன்றுமே கிடைக்காவிட்டால், "1960கள், அநேகமாக பிரிட்டன்" என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் அதற்குமேல் ஒரு சொல் சேர்க்கமாட்டேன்.

கேள்வி: எங்களிடம் கருங்கோடு ஓடிய ரோஸ்வுட் நாற்காலி இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள மகளுக்கு அனுப்பலாமா?

பதில்: எந்த ரோஸ்வுட் என்பதைப் பொறுத்தது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டிஸ் (அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. மிகக் கடுமையான கட்டுப்பாடு. இந்தியாவின் ஈட்டி மரம் உட்பட அந்தப் பேரினத்தின் மற்ற மரங்கள் 2017 முதல் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஈட்டியில் ஊதாச் சாயல் தெரியும், பிரேசில் மரத்தில் கருங்கோடுகள் தாறுமாறாக ஓடும். இது கண்மதிப்புதான், சுங்க அதிகாரியிடம் செல்லாது. 1992க்கு முன்பே நாற்காலி உங்களிடம் இருந்ததைக் காட்டும் ரசீதையோ குடும்பப் புகைப்படத்தையோ தேடியெடுத்து, இரு நாடுகளின் சைட்டிஸ் அலுவலகங்களுக்கும் எழுதுங்கள். அவர்கள் தரும் சான்றிதழ் கைக்கு வருமுன் அனுப்பினால் நாற்காலி பறிமுதல் ஆகலாம்.