அமெரிக்க வெள்ளியில் ஜப்பானியத் தும்பி: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: வெள்ளிக் கூஜா ஒன்றின் படம் பார்த்தேன். மேலே செம்புச் சுரைக்காய், கொடி, ஒரு தும்பி. ஜப்பானில் செய்ததா?

நியூயார்க்கில். அங்கே நகை, வெள்ளிப் பாத்திரம் விற்ற டிஃபனி நிறுவனத்தின் வெள்ளிப் பிரிவை நடத்திய எட்வர்ட் சி. மூர் ஜப்பானியப் பொருட்களை விடாமல் வாங்கிச் சேர்த்தவர். அலமாரியில் பூட்டி வைக்க அல்ல, பட்டறையில் இருப்பவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள. 1891இல் அவர் இறந்தபின் அந்தச் சேகரிப்பு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. இந்த வகைப் பாத்திரங்களோடு 1878 பாரிஸ் கண்காட்சிக்குப் போன டிஃபனி, வெள்ளி வேலைக்கான பெரும் பரிசோடு திரும்பியது.

கேள்வி: உடம்பெல்லாம் சுத்தியல் தடம். வேலை முடியாத பாத்திரமோ?

வேண்டுமென்றே விட்டது. அதுவரை வெள்ளி என்றால் மழமழவென்று முகம் தெரிய வேண்டும், தடம் தெரிந்தால் குறை. இங்கே அந்தத் தடமே தண்ணீர் போல அலையடிக்கிறது. இந்த வகைப் பாத்திரங்களில் மேலே ஒட்டிய மீன் நீந்துவது போலத் தெரிவதும் அதனால்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: கொடி நடுவில் இருக்காது, ஓரத்தில் தொடங்கி எங்கோ முடியும். பாதிப் பாத்திரம் காலி. ஹொகுசாய் போன்ற ஜப்பானிய ஓவியர்களின் அச்சுப் படங்களில் பார்த்துப் பழகிய கண் இது.

கேள்வி: இங்கிலாந்திலும் ஜப்பான் மோகம் இருந்ததே, அங்கே ஏன் இப்படிச் செய்யவில்லை?

சட்டம் விடவில்லை. வெள்ளியின் தூய்மைக்கு முத்திரை வாங்க வேண்டிய பாத்திரத்தில் செம்பு, பித்தளையை ஒட்டக் கூடாது என்று அன்று அங்கே விதி இருந்தது. அமெரிக்காவில் அப்படி அரசு முத்திரைக் கட்டுப்பாடு இருக்கவில்லை. ரசனையைவிட இதுதான் பெரிய காரணம் என்பேன்.

கேள்வி: சக்குடோ, சிபுயிச்சி என்கிறார்களே, அவை என்ன?

ஜப்பானிய வாள் அலங்காரக்காரர்களின் கலப்பு உலோகங்கள். சக்குடோ, செம்பில் சிறிதளவு தங்கம். பதப்படுத்தினால் நீலம் ஓடும் கறுப்பு. சிபுயிச்சி என்றால் நாலில் ஒரு பங்கு. செம்பில் கால் பங்கு வெள்ளி, சாம்பல் நிறம். 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதற்குத் தடை வந்ததும், இந்தக் கைவினைஞர்களில் பலர் ஏற்றுமதிக்கான குவளை, பெட்டி என்று திரும்பினார்கள். அப்புறம் மொகுமே: பல உலோகத் தகடுகளை அடுக்கி இணைத்து, மரத்தின் ரேகை தெரியும்படி எடுப்பது. டிஃபனி அதையும் விடவில்லை.

கேள்வி: அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடியைத் திருப்புங்கள். டிஃபனி முத்திரையில் ‘ஸ்டெர்லிங் சில்வர் அண்ட் அதர் மெட்டல்ஸ்’ என்றே இருக்கும். மூர் காலத்துப் பொருளில் எம் என்ற எழுத்தும் உண்டு. பிராவிடன்ஸ் ஊரின் கோர்ஹாம் என்ற இன்னொரு அமெரிக்க வெள்ளி நிறுவனத்துடையது என்றால் சிங்கம், நங்கூரம், ஜி.

கேள்வி: பழம்பொருள் கடையில் வாங்கிய சின்னத் தட்டில் வண்டு கறுத்துக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். இப்போது பளபளவென்று சிவப்பாக இருக்கிறது. சரிதானே?

ஐயோ! அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, வேலைப்பாடு. வண்டுக்குக் கருமை, இலைக்குப் பழுப்பு என்று ஒவ்வொரு துண்டுக்கும் நிறம் ஏற்றியிருப்பார்கள். நீங்கள் எடுத்தது நூறு வருஷத்துக்கு மேலான தோலை. வீட்டில் திரும்ப ஏற்றப் பார்க்காதீர்கள், உலோகப் பராமரிப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். இனி புளி, பூஜைப் பாத்திரப் பொடி, வெள்ளியை முக்கி எடுக்கும் திரவம் எதுவும் வேண்டாம். வெள்ளிப் பகுதியை மட்டும் மெல்லிய பருத்தித் துணியால், வண்டின் காலைத் தொடாமல் துடைத்தால் போதும்.

கேள்வி: கூஜாவில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாமா?

உள்ளே வெறும் வெள்ளிதான் என்றால் தாராளமாக. எலுமிச்சைச் சாறு, மோர் வேண்டாம், வழிந்தால் வெளியே இருக்கும் செம்பைத் தின்றுவிடும். கழுவியதும் ஈரம் தங்காமல் ஒற்றி எடுங்கள், முக்கியமாகத் தும்பியின் இறக்கைக்கு அடியில்.