கேள்வி–பதில்: அறுந்த ஜவ்வும் காத்திருக்கும் கையும்

கேள்வி: கல்லூரி அணியில் ஈட்டி எறியும் என் மகனுக்கு முழங்கையின் உட்புற ஜவ்வு முழுமையாகக் கிழிந்து, சென்ற மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. மனம் உடைந்து போயிருக்கிறான். விளையாட்டையே விட்டுவிடச் சொல்லும் உறவினர்களும் உண்டு. மலைக்கு அப்பால் கேரளத்தின் ஆரியங்காவு தாண்டிப் போய் உழிச்சல் (எண்ணெய் தேய்த்து அழுத்திவிடுதல்) செய்தால் சீக்கிரம் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. இதே காயத்திலிருந்து மீண்டுவந்த அமெரிக்க பேஸ்பால் வீரர் ஒருவரைப் பற்றி அவனுடைய பயிற்சியாளர் சொன்னார். அவர் யார்?
— ஒரு தாய், செங்கோட்டை

பதில்: அம்மா, அவர் பெயர் டாமி ஜான். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக இடக்கையால் பந்து எறிந்தவர். 1974-ஆம் ஆண்டில், எறிபவர் பெயரில் எழுதப்படும் கணக்கில், 13 வெற்றி, 3 தோல்வி என்று மிக நல்ல நிலையில் இருந்த அவருக்கு, ஜூலை 17 அன்று மான்ட்ரியல் அணியுடனான ஆட்டத்தில் ஜவ்வு அறுந்தது. அப்போது வயது 31. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காயம் வந்தால் எறிபவரின் விளையாட்டு வாழ்வு முடிந்ததாகவே கொள்வார்கள்.

மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அந்தச் செப்டம்பரில், டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு, அறுந்த ஜவ்வின் இடத்தில் கோத்துக் கட்டினார். (சிலருக்குப் பிறவியிலேயே இல்லாத அந்தத் தசைநாரை எடுத்துவிட்டாலும் கையின் வேலைக்குக் குறை வராது.) மறுபடி ஆடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றே அவர் கணித்திருந்தார். போதாததற்கு நரம்பும் பாதிக்கப்பட்டு, விரல்கள் மடங்கிப்போய், இன்னோர் அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டது. 1975 முழுவதும் டாமி ஜான் அமெரிக்காவின் முதன்மைத் தொடரான மேஜர் லீக் போட்டி ஒன்றில்கூட எறியவில்லை. தங்கள் மகன் கருத்தில் கொள்ள வேண்டியது, பார்ப்பவர் யாருமின்றி விரல்களை மெல்ல மெல்லப் பழக்கிய அந்த ஓராண்டைத்தான் என்பது என் எண்ணம்.

1976-இல் களத்துக்குத் திரும்பிய அவர், அடுத்த ஆண்டே 20 வெற்றிகள் பெற்றார். 46 வயது வரை, 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பின் வந்தவை. இன்று அந்தச் சிகிச்சையே அவர் பெயரால்தான் வழங்குகிறது.

ஈட்டியை எறியும்போதும் முழங்கையின் உட்புறம் இதேபோல் இழுபடுவதால், பயிற்சியாளர் சொன்ன ஒப்புமை பொருத்தமானதே. ஆனால் வைத்துக் கட்டிய நார் கட்டிய அன்றே ஜவ்வாகிவிடுவதில்லை. இரத்த ஓட்டம் பெற்று, உடலோடு ஒன்றி வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். பேஸ்பால் எறிபவர்கள் போட்டிக்குத் திரும்பவே பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் பிடிக்கின்றன. தங்கள் பகுதி மக்கள் மலை தாண்டிச் சென்று உழிச்சல் செய்துகொள்ளும் வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் நார் பிடிக்காத இந்த மாதங்களில் முழங்கையை அழுத்துவதும் வலிந்து நீட்டுவதும் தையலைத் தளர்த்திவிடக்கூடும் என்பதால், அறுவை செய்த மருத்துவரின் அனுமதியின்றி அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

விளையாட்டை விடுவதா, தொடர்வதா என்னும் முடிவை இப்போது எடுக்க வேண்டியதே இல்லை. கையை எப்போது முழுதாக நீட்டலாம், எப்போது லேசான பந்தை எறிந்து பழகலாம் என்பதை மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கால், இடுப்பு, முதுகுக்கான பயிற்சிகளில் எவற்றை இப்போதே தொடங்கலாம் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். ஈட்டியின் வேகத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் பிறக்கிறது.