ரஸ்ட்டில் அர்ரே லூப்பின் பவுண்ட்ஸ் செக்கை அன்சேஃப் இல்லாமல் எடுப்பது எப்படி?

கேள்வி: ரஸ்ட்டில் இரண்டு பைட் ஸ்லைஸ்களை உறுப்புக்கு உறுப்பு கூட்டி மூன்றாவதில் எழுதும் லூப் ஒன்று இருக்கிறது. இதையே சி-யில் எழுதினால் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. பவுண்ட்ஸ் செக்தான் (இன்டெக்ஸ் நீளத்துக்குள் இருக்கிறதா என்ற சோதனை) காரணமா? கெட்_அன்செக்ட் (அந்தச் சோதனை இல்லாமல் படிக்கும் அன்சேஃப் மெத்தட்) போட்டுவிடலாமா?

பதில்:

காரணம் அதுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை. அன்சேஃப் வேண்டாம். லூப்புக்கு மேலே மூன்று வரி சேர்த்தால் முடிந்துவிடும்.

முதலில் செக்கின் விலை. ரஸ்ட்டில் ஸ்லைஸ் என்பது ஒரு பாயின்ட்டரும் ஒரு நீளமும். 64-பிட் கணினியில் மொத்தம் 16 பைட். இன்டெக்ஸ் போடும் ஒவ்வொரு இடத்திலும் கம்பைலர் ஒரு ஒப்பீடும், தவறினால் பேனிக்குக்கு (பிழையோடு நிறுத்தும் வழிக்கு) தாவும் ஒரு கட்டளையும் வைக்கிறது. எக்ஸ்86-இல் அவை சிஎம்பி, ஜேஏஇ. இந்த இரண்டையும் இன்றைய பிராசஸர்கள் ஒட்டவைத்து ஒரே கட்டளையாகவே ஓட்டுகின்றன. தாவல் ஒருபோதும் நடக்காததால் பிராஞ்ச் பிரெடிக்டரும் திணறுவதில்லை. ஆக, தனி ஒரு செக் கிட்டத்தட்ட இலவசம். செக்கை எண்ணி எண்ணிக் கவலைப்படுகிறவர்கள் பலர் இங்கேதான் வீணாக நேரம் கழிக்கிறார்கள்.

உண்மையான இழப்பு வேறு: அந்த செக் இருக்கும்வரை லூப் வெக்டரைஸ் ஆகாது, அதாவது பல உறுப்புகளை ஒரே கட்டளையில் கூட்டாது. உங்கள் லூப் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் (தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன், அப்படியே ஒட்டினால் ஓடாது):

ஃபார் ஐ இன் 0..ஏ.லென்() {
    அவுட்[ஐ] = ஏ[ஐ].ராப்பிங்_ஆட்(பி[ஐ]);
}

ராப்பிங்_ஆட் என்பது வழிந்தால் சுற்றிக்கொள்ளும் கூட்டல். ஐ எப்போதும் ஏ.லென்()-ஐவிடக் குறைவு என்பது லூப்பின் வரம்பிலேயே இருப்பதால், ஏ-வின் செக்கை எல்எல்விஎம் (ரஸ்ட் கம்பைலரின் ஆப்டிமைசர்) தானே எடுத்துவிடும். பி, அவுட் இரண்டின் நீளமும் அதற்குத் தெரியாது, எனவே சுற்றுக்கு இரண்டு செக் தங்கிவிடும். பி-யில் 1000 உறுப்புகள்தான், ஏ-வில் 1024 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ = 1000 வரும்போது பேனிக் ஆகவேண்டும்; அதற்குள் அவுட்டின் 0 முதல் 999 வரை எழுதி முடிந்திருக்க வேண்டும், 1000-ஐத் தொட்டிருக்கக் கூடாது. அழைத்தவர் பேனிக்கைப் பிடித்து அவுட்டை எட்டிப் பார்க்கலாம் அல்லவா? இந்த வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால், 16 அல்லது 32 பைட்டை ஒரே மூச்சில் கூட்டி எழுத கம்பைலர் துணிவதில்லை. சி-யில் அப்படி எந்த வாக்குறுதியும் இல்லை. பல மடங்கு வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது.

தீர்வு, நீளத்தைப் பற்றிய உண்மையை லூப்புக்கு முன்பே ஒரே ஒரு தடவை சொல்லிவிடுவது:

லெட் நீளம் = ஏ.லென்();
லெட் பி = &பி[..நீளம்];
லெட் அவுட் = &மியூட் அவுட்[..நீளம்];

பிறகு 0..நீளம் என்று லூப் ஓட்டுங்கள். பி குட்டையாக இருந்தால் அந்த இரண்டாவது வரியிலேயே பேனிக். லூப்புக்குள் செக் எதுவும் மிஞ்சாது. செக்குகளை ஒழித்தோம் என்றும் சொல்ல முடியாது, சுற்றுக்கு இரண்டாக இருந்ததை மொத்தமே இரண்டாக வெளியே தூக்கி வைத்தோம். நடத்தையில் ஒரு சின்ன மாற்றம் உண்டு: முன்பு பாதி எழுதிவிட்டு விழும், இப்போது எதையும் எழுதாமல் விழும். பெரும்பாலும் இதுதான் நல்லது. கம்பைலரால் தானாக இதைச் செய்ய முடியாததற்குக் காரணமும் இந்த மாற்றம்தான்.

ஸிப் (ஸ்லைஸ்களை ஜோடி சேர்த்து ஓட்டும் மெத்தட்) போடலாமே என்பார்கள். போடலாம், வேகமும் அதே. ஆனால் ஸிப், குட்டையான ஸ்லைஸ் முடிந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிடும். நீளம் பொருந்தாதது உங்கள் புரோகிராமில் பிழை என்றால், அந்தப் பிழையை ஸிப் மறைத்துவிடும். ஸிப் எழுதினால் மேலே, நீளங்கள் சமமா என்று பார்க்கும் ஓர் அசர்ட்_ஈக்யூ வையுங்கள்.

இந்த உத்தி பலிக்காமல் போகும் இடங்களைச் சொல்கிறேன், அடிக்கடி வருவது இவைதான்.

அசர்ட்டுக்குப் பதில் டீபக்_அசர்ட் எழுதுவது முதல் தவறு. ரிலீஸ் பில்டில் டீபக்_அசர்ட் காணாமலே போய்விடும். ஆப்டிமைசர் பார்க்கும்போது அங்கே தகவல் எதுவும் இருக்காது. அசர்ட்டை அழைக்கும் ஃபங்ஷனில் வைத்துவிட்டு, லூப் இன்னொரு ஃபங்ஷனில் இருந்தாலும் இதே கதை. உள் ஃபங்ஷன் இன்லைன் ஆனால்தான் (அழைத்த இடத்திலேயே விரிக்கப்பட்டால்தான்) வெளியே சொன்னது உள்ளே கேட்கும். சந்தேகம் இருந்தால் லூப் இருக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதுங்கள்.

அடுத்தது கழித்தல். பக்கத்துப் பக்கத்து உறுப்புகளை ஒப்பிட 0..ஏ.லென்()-1 என்று ஓட்டி, உள்ளே ஏ[ஐ], ஏ[ஐ+1] படிக்கிறீர்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனாலும் செக் போகாது. ஏன்? ஏ காலியாக இருந்தால் 0-1 என்பது ரிலீஸ் பில்டில் சுற்றிக்கொண்டு 64-பிட்டின் மிகப் பெரிய எண்ணாகிவிடும், லூப்பும் அதுவரை ஓடப் பார்க்கும். கம்பைலர் அந்த ஒரு நிலையை நினைத்துத்தான் செக்கை வைத்திருக்கிறது, அது சரியும்கூட. மேலே "காலியாக இருந்தால் திரும்பிவிடு" என்று ஒரு வரி போடுங்கள், அல்லது அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளாகத் தரும் விண்டோஸ்(2) மெத்தடைப் பயன்படுத்துங்கள். 0..=நீளம் என்ற வகை வரம்பையும் சூடான லூப்பில் தவிர்ப்பது நல்லது; முடிந்ததா இல்லையா என்று தனியாக ஒரு கொடியைச் சுமந்துகொண்டு அது ஓடுகிறது.

கார்கோ புரொஃபைலில் ஓவர்ஃப்ளோ-செக்ஸ் என்பதை யாராவது ட்ரூ ஆக்கி வைத்திருந்தால், சாதாரண + குறியும் ஒரு பேனிக் கிளையைக் கொண்டுவரும். பவுண்ட்ஸ் செக்கை எடுத்த பிறகும் லூப் அப்படியே கிடந்தால் இதைப் பாருங்கள். மேலே ராப்பிங்_ஆட் எழுதியது அதற்காகவும்தான்.

ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் வெக்கை (நீளம் மாறக்கூடிய அர்ரேயை) செல்ஃப் வழியாக இன்டெக்ஸ் செய்தபடி, லூப்புக்குள் இன்லைன் ஆகாத வேறொரு மெத்தடையும் &மியூட் செல்ஃபோடு அழைத்தால், திரும்பி வரும்போது வெக்கின் நீளம் மாறியிருக்கலாம். எனவே சுற்றுக்குச் சுற்று நீளத்தை மெமரியிலிருந்து மறுபடி படித்து மறுபடி செக் செய்யும். அந்த அழைப்பை லூப்புக்கு வெளியே தள்ளி, லூப்புக்கு முன்னால் ஸ்லைஸை ஒரு லோக்கல் பெயருக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

லூப் இல்லாத இடத்திலும் இதே சிக்கல் வரும். 4 பைட்டைச் சேர்த்து ஒரு 32-பிட் எண் செய்ய பி[0], பி[1], பி[2], பி[3] என்று வரிசையாகப் படித்தால் 4 செக் வரும். ஒவ்வொன்றின் பேனிக் செய்தியிலும் அந்தந்த இன்டெக்ஸ் எண் இருப்பதால் கம்பைலர் அவற்றை ஒன்றாக்காது. பி[3]-ஐ முதலில் தொட்டுவிட்டால் மற்ற மூன்றும் தானாக நிரூபணமாகிவிடும். கோ மொழியின் பைனரி என்கோடிங் லைப்ரரியில் _ = பி[3] என்று ஒரு விசித்திர வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கம்பைலருக்குக் கொடுக்கும் குறிப்புதான், விட்டுப்போன பழைய வரி என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ரஸ்ட்டில் இன்னும் அழகாக ஃபர்ஸ்ட்_சங்க் மூலம் 4 நீள அர்ரேயாக வாங்கி ஃப்ரம்_எல்இ_பைட்ஸுக்குக் கொடுத்துவிடலாம். நீளம் டைப்பிலேயே வந்துவிடுவதால் செக் ஒன்றுதான்.

டைப்பில் நீளம் இருப்பதன் பலன் லுக்அப் டேபிளில் நன்றாகத் தெரியும். டேபிள் சரியாக 256 உறுப்புள்ள அர்ரே, இன்டெக்ஸ் யு8-இலிருந்து (0 முதல் 255 வரையான ஒரு பைட் எண்) வருகிறது என்றால், 255-க்கு மேல் போகவே முடியாது. செக் தானாக மறையும். அதே டேபிள் வெக் ஆக இருந்தால் மறையாது, அதில் 256 உறுப்புகள் இருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இன்டெக்ஸ் பெரிய டைப்பாக இருந்தால் & 255 என்று மாஸ்க் போடலாம். ஆனால் மாஸ்க் போட்ட நாளிலிருந்து தவறான இன்டெக்ஸ் பேனிக் ஆகாது, தவறான விடையைத்தான் தரும். இன்டெக்ஸ் இயல்பிலேயே சுற்றிவரும் ரிங் பஃபர் போன்ற இடங்களில் மட்டும் மாஸ்க்கைப் பயன்படுத்துவது என் வழக்கம்.

மாற்றம் செய்ததும் நம்பிவிடாதீர்கள், அசெம்ப்ளியைத் திறந்து பாருங்கள். கார்கோ-ஷோ-ஏஎஸ்எம் போதும், சின்ன ஃபங்ஷன் என்றால் கம்பைலர் எக்ஸ்புளோரரில் ஒட்டியும் பார்க்கலாம். தேட வேண்டிய பெயர் பேனிக்_பவுண்ட்ஸ்_செக். அதற்குத் தாவும் ஜேஏஇ லூப்பின் லேபிளுக்குள் இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். லூப்புக்கு வெளியே ஸ்லைஸ் வெட்டுவதற்கான பேனிக் இரண்டு இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். உள்ளே பிஏடிடிபி என்ற கட்டளை எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டரோடு தெரிந்தால் 16 பைட் ஒரே நேரத்தில் கூடுகிறது. டார்கெட்-சிபியு=நேட்டிவ் கொடுத்து, உங்கள் கணினியில் ஏவிஎக்ஸ்2 இருந்தால் 32 பைட் ஆகும்.

வேகத்தை அளக்கும்போது மூன்று அர்ரேயும் சேர்ந்து எல்1 கேச்சுக்குள் அடங்கட்டும். 32 கேபி என்று வைத்தால் ஒவ்வொன்றும் 8 கேபி. நூற்றுக்கணக்கான எம்பி-யில் அளந்தால் மெமரி பஸ்தான் கழுத்தைப் பிடிக்கும்; செக்கை எடுத்ததன் பலன் பாதிகூடத் தெரியாமல் போகலாம்.

எஃப்32 கூட்டுத்தொகைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே செக்கை எடுத்தாலும் வெக்டரைஸ் ஆகாது, ஏனென்றால் மிதவைப் புள்ளிக் கூட்டலில் வரிசையை மாற்றினால் விடை மாறும், கம்பைலர் அதைச் செய்யாது. சங்க்ஸ்_எக்ஸாக்ட்(8) எடுத்து 8 தனித்தனிக் கூட்டுத்தொகைகளாக நீங்களே பிரிக்க வேண்டும். ரிமெய்ண்டரை (8-இல் அடங்காத மிச்சத்தை) மறந்தால் கடைசி 7 உறுப்புகள்வரை கணக்கில் வராமல் போகும்.

இனி கெட்_அன்செக்ட். அது தேவைப்படும் இடம் உண்மையாகவே உண்டு: இன்டெக்ஸ் டேட்டாவிலிருந்து வரும்போது. ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸில் (பெரும்பாலும் பூஜ்யங்கள் உள்ளதில்) எக்ஸ்[கால்[ஜே]] என்று, நெடுவரிசை எண்கள் உள்ள கால் அர்ரே வழியாகப் படித்தால், கால்-இல் என்ன எண் இருக்கிறது என்று எந்தக் கம்பைலராலும் நிரூபிக்க முடியாது. பெரும்பாலும் நான் அதை அப்படியே விட்டுவிடச் சொல்வேன். எக்ஸ் பெரிதாக இருந்தால் கேச் மிஸ்ஸுக்கு ஆகும் நேரத்தின் முன் ஒரு செக் ஒன்றுமே இல்லை. அளந்து பார்த்து, வேண்டும் என்றால்தான் இறங்க வேண்டும். மேட்ரிக்ஸை உருவாக்கும்போதே கால்-இன் எல்லா எண்ணும் நெடுவரிசை எண்ணிக்கையைவிடக் குறைவு என்று சரிபார்த்து, அந்த ஃபீல்டை பிரைவேட் ஆக்கி, பெருக்கும் ஃபங்ஷனின் தலையில் எக்ஸ்.லென்() போதுமா என்று ஓர் அசர்ட். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அன்சேஃப் பொய்யாகிவிடும். மக்கள் மறப்பது பெரும்பாலும் மூன்றாவதை. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் ஹார்ட்பிளீட் ஓட்டை, வந்த பாக்கெட் சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதால் வந்தது. ஒரு தடவைக்கு 64 கேபி வரை சர்வரின் மெமரி வெளியே போனது.

அன்சேஃப் பிளாக்குக்கு மேலே அந்த மூன்று நிபந்தனைகளையும் கமென்ட்டாக எழுதி, டெஸ்ட்களை மிரியில் (அன்சேஃப் தவறுகளைப் பிடிக்கும் கருவி) ஓட்டுங்கள். அன்சேஃப் இல்லாத லூப்களுக்கு நோ-பேனிக் என்ற கிரேட் (ரஸ்ட் லைப்ரரி) இருக்கிறது: நீளம் வெட்டும் வேலையை வெளியே வைத்து, லூப்பை மட்டும் தனி ஃபங்ஷனாக்கி அதன் தலையில் அந்த ஆட்ரிபியூட்டைப் போட்டால், எங்காவது பேனிக் மிஞ்சியிருக்கும்போது லிங்க் ஆகாமல் நிற்கும். நீளம் லூப் ஃபங்ஷனுக்குள் தெரிய வேண்டுமே என்றால், அர்ரே டைப்பாகவோ ஸிப்பாகவோ கொடுங்கள். கம்பைலர் பதிப்பு மாறி செக் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டால், அதை சிஐ-யிலேயே (தானியங்கி பில்ட் சோதனையிலேயே) பிடித்துவிடலாம்.