பிம் மென்பொருளிலிருந்து திட்டத் தரவை எடுத்து ஆராய்வது என்றால் என்ன?

பிம் எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி வெறும் முப்பரிமாணப் படம் அன்று. ரெவிட் போன்ற மென்பொருளில் வரையும் ஒவ்வொரு சுவரும் கதவும் தன் அளவு, பொருள், தளம் ஆகிய விவரங்களைச் சுமந்திருக்கும். அவற்றை அட்டவணையாக வெளியே எடுத்து, கூட்டி, ஒப்பிடுவதுதான் இந்த வேலை.

அலமாரியின் புகைப்படத்தைப் பார்த்துப் புத்தகங்களை எண்ணுவது ஒரு வழி. நூலகப் பட்டியலில் தேடுவது இன்னொரு வழி. தாள் வரைபடம் அந்தப் புகைப்படம் போன்றது; பிம் மாதிரி அந்தப் பட்டியல் போன்றது. வடிவமைப்பு மாறினால், தாள் வரைபடத்தில் கான்கிரீட்டின் கன அளவை மறுபடி கணக்கிட வேண்டும். மாதிரியில் புதிய எண் உடனே கிடைக்கும். இந்த அட்டவணையை வாராவாரம் எடுத்து வைத்தால் எந்தத் தளத்தில் மாற்றங்கள் குவிகின்றன என்பதும் தெரியும். என் பார்வையில் இதுவே பெரிய பயன். மென்பொருள்கள் வேறுபட்டால் ஐஎஃப்சி என்ற பொதுக் கோப்பு வடிவம் கைகொடுக்கும்.

மாதிரி தரும் எண் எப்போதும் சரி என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஒரே சுவரை இருவர் வரைந்திருந்தால் அட்டவணை அதை இரண்டாகவே எண்ணும்.