பாதாம் படமும் மசாலா பாலும்: வாசகர் கேள்வி-பதில்

மசாலா பாலுக்கு நிறைகொழுப்புப் பால்தான் நல்லது என்கிறார் கடைக்காரர். விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கிறாரா? (வாசகர், திண்டுக்கல்)

இல்லை, சரியாகத்தான் சொல்கிறார். நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவீதம், சமன்படுத்திய பாலில் 3. ஏலக்காய், மிளகின் மணம் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும்.

பாதாம் மிக்ஸ் அரைக் கிலோ டப்பா வாங்கினேன். பால் ஒரே தித்திப்பு. பாதாம் வாசனை மட்டும் மூக்கைத் துளைக்கிறது. கலப்படமா? (வாசகி, கரூர்)

கலப்படமாக இருக்க வேண்டியதே இல்லை அம்மா. சட்டப்படி சரியான டப்பாவே இப்படித்தான் இருக்கும். எனக்கு ஆத்திரம் வருவதும் அதனால்தான்.

டப்பாவைத் திருப்பிப் பொருட்பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் சர்க்கரை இருக்கும். அடுத்து பால் பவுடரோ, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியோ. பாதாம் அதற்குப் பிறகு. முகப்பில் ஒரு பொருளைப் படம் போட்டுக் காட்டினால் அதன் சதவீதத்தையும் சொல்ல வேண்டும். சொல்கிறார்கள், பின்பக்கத்து மடிப்பில், பொடி எழுத்தில். 10 சதவீதம் என்றிருந்தால் உங்கள் அரைக் கிலோவில் பாதாம் வெறும் 50 கிராம். மிச்சம் 450 கிராமுக்கும் நீங்கள் பாதாமை நினைத்துத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். சமையல் பாதாமுக்கு மணம் மிகக் குறைவு. மூக்கைத் துளைப்பது எசென்ஸ். பட்டியலில் ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் சாயம் போன்றவற்றுக்கான எண்) 102, 110 என்றிருந்தால் மஞ்சள் நிறமும் செயற்கைச் சாயம்தான்.

பண்டிகைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நானும் அப்படியொரு பெரிய டப்பா வாங்கினேன். முகப்பு முழுக்க உரித்த பாதாமும் குங்குமப்பூவும். பட்டியலில் குங்குமப்பூவே இல்லை, 'குங்குமப்பூ சுவையூட்டி' என்றிருந்தது. படம் எவ்வளவு பெரிதோ, சதவீதத்தையும் அதன் பக்கத்திலேயே அவ்வளவு பெரிதாகப் போடச் சொல்ல வேண்டும். அதுவரை இந்தப் பத்தியில் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

வீட்டிலேயே அரைத்துவிடுங்கள். 100 கிராம் பாதாமை நிறம் மாறாமல் வெறும் சட்டியில் வறுத்து, நன்றாக ஆறவிடுங்கள். 10 ஏலக்காய், அரை ஸ்பூன் மிளகு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், நான்கு ஸ்பூன் சர்க்கரை சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். ஒரே ஓட்டமாக ஓடவிட்டால் எண்ணெய் பிரிந்து களியாகிவிடும். ஒரு டம்ளர் பாலுக்கு இரண்டு ஸ்பூன் போட்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

மகளுக்கு ஆறாம் மாதம். பாலில் போட்டுக் கொடுக்க ஆன்லைனில் குங்குமப்பூ வாங்கினேன், 10 கிராம் 350 ரூபாய். போட்ட உடனே பால் சிவந்து, நார் வெளுத்துவிட்டது. இரண்டு நாள் குடித்துவிட்டாள். பயமாக இருக்கிறது. (வாசகி, விழுப்புரம்)

இன்றோடு நிறுத்திவிட்டு, மகளைப் பார்க்கும் மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வாங்குகிறோம் என்ற உங்கள் அக்கறையைத்தான் காசாக்கியிருக்கிறார்கள்.

ஒரு கிராம் குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ 150 பூ வேண்டும். பூவுக்கு மூன்று இழை, அதையும் கையால்தான் எடுக்க வேண்டும். கிராம் 35 ரூபாய்க்கு அது கிடைக்க வழியே இல்லை. சாயமேற்றிய சோளக்கதிர் நார், குசும்பாப்பூ இதழ் எல்லாம் இந்தப் பெயரில் விற்கின்றன. அசல் இழை ஒரு முனையில் ஊதுகுழல் போல விரிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் மெல்ல மெல்லப் பொன்மஞ்சளாக இறங்கும், இழை சிவப்பாகவே இருக்கும். நாக்கில் வைத்தால் கசக்கும். ஒரு சுற்றுலா ஊரில் மரப்பெட்டியில் நான் வாங்கி வந்தது இனித்தது. பில்லில் கடை முகவரியே இல்லை.

மிச்சப் பூவையும் பெட்டியையும் அப்படியே வையுங்கள். ஆர்டர் விவரத்தைப் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். பணம் வராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, வக்கீல் கட்டாயமில்லை, பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை.

இன்னொன்று: குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது. அதற்காக யாரும் உங்கள் மகளை வற்புறுத்த விடாதீர்கள்.

கசகசா சேர்த்து அரைத்த பால் மசாலாப் பொடியை துபாயில் இருக்கும் பேரனுக்குக் கொடுத்தனுப்பலாமா? (வாசகர், கும்பகோணம்)

கூடாது. கசகசா அங்கே போதைப்பொருள் சட்டத்தின்படி தடை செய்யப்பட்ட பொருள். கொண்டுபோகிறவர் சிறைக்குப் போக நேரலாம். கசகசா போடாமல் அரையுங்கள்.

கொதிக்கும் பாலில் கருப்பட்டி போட்டேன், திரிந்துவிட்டது. பால் பாக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தர மறுக்கிறார் கடைக்காரர். வழக்குப் போடலாமா? (வாசகர், திருப்பூர்)

வேண்டாம். கருப்பட்டியில் புளிப்பு உண்டு, கொதிக்கும் பாலில் போட்டால் நல்ல பாலும் திரியும். பாலை இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகு கரைத்து வடிகட்டிய கருப்பட்டியைச் சேர்க்க வேண்டும். பால் கெட்டதா என்று பார்க்க, அதே பாக்கெட்டில் ஒரு கரண்டியைத் தனியாகக் காய்ச்சியிருந்தால் போதும். அதையும் செய்யவில்லை, பாக்கெட்டில் தேதி பார்த்ததாகவும் எழுதவில்லை. கடைக்காரரோடு சண்டை மட்டும் போட்டிருக்கிறீர்கள்.

ஏலக்காய்த் தூள் லூஸில் மலிவாகக் கிடைத்தது. மணமே இல்லை. பில் வாங்கவில்லை. எங்கே புகார் செய்வது? (வாசகர், சேலம்)

பில் இல்லை, பாக்கெட் இல்லை, கடைப் பெயரையும் எழுதவில்லை. எதை வைத்துப் புகார் செய்வது? தூளில் தோல் எவ்வளவு, எண்ணெய் எடுத்த சக்கை எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முழு ஏலக்காயாக வாங்குங்கள், ஒன்றை உடைத்துப் பார்த்து. உள்ளே விதை கறுத்து, பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். பில்லையும் கேட்டு வாங்குங்கள்.