ராஜினாமா செய்யும் கொலையாளிகள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், கொலைத் தொழிலைக் கைகழுவப் பார்க்கும் ஏஜென்ட்டுகளைப் பற்றிய சின்ன பட்ஜெட் படங்களை நாலு வரியில் தொட்டுவிட்டுப் போயிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாராட்டியவர்களை விடத் திட்டியவர்களின் கேள்விகள் நன்றாக இருந்ததால் அவைதான் இங்கே அதிகம்.

எந்தப் படத்தைப் போட்டாலும் "இதுதான் என் கடைசி வேலை" என்கிறான். இவர்களுக்கு வேறு கதையே கிடையாதா சார்?
(தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்)

இருக்கிறது, ஆனால் அதற்கெல்லாம் காசு வேண்டும். உளவுப் படத்தை முறைப்படி எடுப்பதென்றால் நாலு நாட்டுத் தலைநகரம், ஒரு மந்திரி, காணாமல்போன ஒரு குண்டு, அதைத் தேடி ஓட ஒரு பட்டாளம் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். தொழிலை விட நினைக்கும் கொலையாளி என்றால் ஒரு ஆள், ஒரு வாடகை அறை, ஒரு போன் போதும். அவன் போக நினைக்கிறான், முதலாளி விடமாட்டான், அவ்வளவுதான் கதை. பார்ப்பவருக்கு உலக அரசியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, லீவு லெட்டரோடு மேனேஜர் மேஜை முன்னால் ஒருதடவை நின்றிருந்தால் போதும்.

இன்னொரு சிக்கனமும் இதில் உண்டு. ஹீரோ பழைய ஆள் என்பதால் அவன் எவ்வளவு பெரிய ஆள் என்று படம் பிடித்துக் காட்ட வேண்டாம், இன்னொருவர் வாயால் சொல்லவைத்தால் போதும். 2014ல் வந்த 'ஜான் விக்' படத்தில் மாஃபியா தலைவன் ஒரு கார் பட்டறைக்காரனுக்கு போன் செய்து, என் மகனை ஏன் அடித்தாய் என்று கேட்பான். உன் பையன் ஜான் விக்கின் காரைத் திருடி, அவன் நாயையும் கொன்றுவிட்டான் என்று பதில் வரும். தலைவன் "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவான். பெரிய ஃபிளாஷ்பேக் ஒன்று எடுத்து ஊதித்தள்ள வேண்டிய காசை அந்த ஒரு "ஓ" மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

'ஜான் விக்' படத்துக்கே 2 கோடி டாலருக்கு மேல் செலவாம். அது உங்களுக்குச் சின்ன பட்ஜெட்டா? எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சொல்லிப் பாருங்கள்.
(திரைத்துறை உதவி இயக்குநர், சென்னை)

கோபம் நியாயம்தான். 2 முதல் 3 கோடி டாலர் வரை என்று சொல்கிறார்கள், ஹாலிவுட்டில் அது நடுத்தரத்துக்கும் கீழே. 2002ல் முதல் 'பார்ன்' உளவுப் படத்துக்கே 6 கோடி டாலர் ஆனது. பாப் ஓடன்கிர்க் நடித்த 'நோபடி' (2021) சுமார் 1.6 கோடி டாலரில் முடிந்தது.

ஆனால் தொகையை விட, அது எங்கே போயிற்று என்பதைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். 'ஜான் விக்' இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி ஸ்டன்ட் ஆள், இந்தப் பட ஹீரோ கியானு ரீவ்ஸுக்கே 'மேட்ரிக்ஸ்' படத்தில் டூப் போட்டவர். சண்டையை எடிட்டிங்கில் ஒப்பேற்ற வேண்டாம், நடிகரையே மாதக்கணக்கில் பழக்கிவிட்டு, கேமராவைத் தள்ளி வைத்து முழு உடம்பும் தெரிய எடுக்கலாம் என்று முடிவு செய்தார். துப்பாக்கியில் தோட்டா தீர்வதும் மாற்றுவதும்கூடத் திரையில் தெரியும். மற்ற படங்களில் ஒரு அடிக்கு நாலு கட் வருகிறதே, அது ஸ்டைல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி நேரம் ஹீரோவுக்கு அடிக்கத் தெரியாததை மறைக்கும் வேலை அது. நடிகர் தயாராக வருவதற்கு ஆகும் செலவு செட் போடுவதை விடக் குறைவு என்பதை உங்கள் இயக்குநரிடம் சொல்லிப் பாருங்கள், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இந்த வகையில் பழைய படம் ஒன்று சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை.
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

'பிளாஸ்ட் ஆஃப் சைலன்ஸ்', 1961. இது உளவுப் படம் இல்லை, கூலிக்கொலைப் படம். ஆனால் பின்னால் வந்த ஏஜென்ட் படங்கள் செய்ததில் பாதியை இது முன்னாலேயே செய்துவிட்டது. ஆலன் பேரன் என்பவர் எழுதி, இயக்கி, ஹீரோவாகவும் நடித்தார். ஹீரோவுக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வசதியில்லாத படம் என்று பார்த்தாலே தெரியும். கிளீவ்லாந்திலிருந்து ஒரு கொலையாளி கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் வருகிறான், ஒருவனைக் கொல்ல வேண்டும். ஊரே விளக்கும் பொம்மையுமாக ஜொலிக்கிறது, இவன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிறான். அந்த ஜொலிப்புக்குத் தயாரிப்பாளர் ஒரு பைசா கொடுக்கவில்லை, நகராட்சியும் கடைக்காரர்களும் போட்டு வைத்த விளக்குகள் அவை.

பேசுவதற்கு அவனுக்கு யாரும் இல்லை என்பதால் ஒரு குரல் அவனோடு பேசிக்கொண்டே வரும். "அவன்" என்று சொல்லாது, "நீ" என்று சொல்லும். நீ தனி ஆள், உனக்கு இந்தக் கைகள் வியர்ப்பது பிடிக்கவில்லை என்கிற தோரணையில். அந்தக் குரல் லயனல் ஸ்டாண்டருடையது, எழுதியவர் வால்டோ சால்ட். இரண்டு பேருமே கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் கதவடைத்து வைத்திருந்த ஆட்கள், அதனால் வெளியே சொந்தப் பெயரைக் காட்டாமல் வேலை செய்தார்கள்.

கதை நடுவில் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்த்து மனசு ஆடிப்போய், இந்த வேலை வேண்டாம், விலகிக்கொள்கிறேன் என்று போன் போடுவான். அந்த ஒரு போன்தான் அவன் செய்த தப்பு. முடிவைச் சொல்லிவிட்டால் அடுத்த கடிதத்தில் நீங்களும் திட்டுவீர்கள் என்பதால் இதோடு விடுகிறேன். ஆயுதம் விற்கும் ஒரு குண்டு மனிதன் அதில் வருவான், அறை முழுக்கக் கூண்டில் எலி வளர்ப்பான். எதற்கு எலி என்று யாரும் விளக்க மாட்டார்கள். அந்த ஆளை ஒருமுறை பார்த்துவிட்டால் பத்து வில்லனை மறந்துவிடுவீர்கள்.

ஓடிடியில் வரும் இந்த மாதிரிப் படங்களில் லண்டன், நியூயார்க், அரபு நாடு எல்லாம் ஒரே தெரு மாதிரியே தெரிகிறதே, எனக்கு மட்டும்தானா?
(மளிகைக் கடைக்காரர், காரைக்குடி)

கண்ணாடி மாற்ற வேண்டாம், அது நிஜமாகவே ஒரே வளாகமாக இருக்க வாய்ப்புண்டு. பல்கேரியாவின் சோபியா நகரில் நூ போயானா என்று ஒரு ஸ்டுடியோ. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அரசாங்க ஸ்டுடியோவாக இருந்ததை அமெரிக்கப் படக் கம்பெனி ஒன்று வாங்கி, நியூயார்க் தெரு, லண்டன் தெரு, மத்தியக் கிழக்குச் சந்து என்று நிரந்தரமாகக் கட்டி வைத்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி நடந்தால் நாடு மாறிவிடும். உள்ளூர்த் தொழிலாளர் கூலியும் குறைவு.

வியாபாரமும் தலைகீழ். 1980களில் கேனன் பிலிம்ஸ் நடத்திய மெனஹெம் கோலனும் யோரம் குளோபஸும், கதை எழுதும் முன்னாலேயே போஸ்டர் அடித்து, கேன்ஸ் பட விழாச் சந்தையில் கடை விரித்து, நாடு நாடாக விற்று, அந்தக் காசில் படம் எடுத்தார்கள். இன்றைக்கும் பல படங்களுக்கு அதுதான் வழி. போஸ்டரில் பெரிய நடிகர் இருப்பார், படத்தில் ஒரே அறையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து போனில் கத்துவார். அவருடைய கால்ஷீட் அவ்வளவுதான். இனிமேல் பார்க்கும்போது அவர் நாற்காலியை விட்டு எழுகிறாரா என்று கவனியுங்கள், நல்ல பொழுதுபோக்கு.

நிஜத்தில் இப்படி யாராவது தொழிலை விட்டிருக்கிறார்களா, இல்லை எல்லாம் கப்சாவா?
(ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்)

இருக்கிறார்கள் ஐயா, படத்தை விட நல்ல கதையோடு. போதான் ஸ்டாஷின்ஸ்கி உக்ரைன் மாணவர். 1950ல் ரயிலில் டிக்கெட் இல்லாமல் போய் மாட்டினார். அந்தச் சின்னத் தப்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டாரைக் காட்டி மிரட்டி, சோவியத் உளவுத்துறை அவரைத் தன் ஆளாக்கிக்கொண்டது. 1957 அக்டோபரில், மியூனிக்கில் ஒரு மாடிப்படியில், சுருட்டிய செய்தித்தாளுக்குள் ஒரு குழாயை மறைத்து வைத்துக்கொண்டு காத்திருந்து, லெவ் ரெபெத் என்ற உக்ரைன் எழுத்தாளர் எதிரே வந்ததும் முகத்தில் சயனைடைப் பீய்ச்சினார். மாரடைப்பு என்று முடிவாயிற்று. 1959 அக்டோபர் 15ல், அதே ஊரில், உக்ரைன் தேசியவாதத் தலைவர் ஸ்தெபான் பண்டேரா. அதற்கு மாஸ்கோவில் பதக்கம் குத்தினார்கள்.

இதற்கிடையில் கிழக்கு ஜெர்மனிப் பெண் ஒருவரைக் காதலித்து, 1960ல் கல்யாணமும் செய்துகொண்டார். மாஸ்கோவில் குடியிருந்த வீட்டில் ஒட்டுக்கேட்கும் கருவியைக் கண்டுபிடித்தார்கள். தன்னையே கண்காணிக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போனார். 1961 ஆகஸ்ட்டில், சில மாதமே ஆன குழந்தை இறந்துபோயிற்று, அடக்கத்துக்காக இவரைக் கிழக்கு ஜெர்மனிக்கு விட்டார்கள். ஆகஸ்ட் 12 அன்று, காவலுக்கு நின்றவர்களின் கண்ணில் படாமல் கணவனும் மனைவியும் நழுவி, ரயிலேறி மேற்கு பெர்லின் போய்ச் சேர்ந்தார்கள். அன்று நள்ளிரவுக்கு அப்புறம் பெர்லின் எல்லையை மூடி முள்கம்பி இழுக்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். திரைக்கதையில் இப்படி எழுதினால் தயாரிப்பாளர் நம்பமாட்டார். 1962ல் கார்ல்ஸ்ரூ நீதிமன்றம் 8 ஆண்டு தண்டனை கொடுத்தது. உத்தரவிட்டவர்கள்தான் பிரதான குற்றவாளிகள், இவர் உடந்தை என்றது தீர்ப்பு.

அவருக்கு முன்னால் நிகோலாய் கோக்லோவ். 1954 பிப்ரவரியில், பிராங்க்பர்ட்டில் இருந்த சோவியத் எதிர்ப்பாளர் ஒருவரைத் தீர்த்துக்கட்டும் வேலை, ஆயுதம் சிகரெட் பெட்டிக்குள். இவர் அந்த மனிதரின் வீட்டுக் கதவைத் தட்டி, உங்களைக் கொல்ல மாஸ்கோ உத்தரவிட்டிருக்கிறது, நான் செய்யப் போவதில்லை என்று நேரிலேயே சொல்லிவிட்டார். கொலை செய்தால் உன்னோடு வாழமாட்டேன் என்று மனைவி சொன்னதுதான் காரணம் என்று அவரே பின்னால் சொன்னார். அதற்கான விலையைக் கொடுத்தது அந்த மனைவிதான், ரஷ்யாவில் மாட்டிக்கொண்டு, தொலைதூர ஊருக்கு அனுப்பி ஒதுக்கிவைக்கும் தண்டனை அனுபவித்தார். கோக்லோவுக்கு 1957ல் விஷம் வைத்தார்கள், முடியெல்லாம் கொட்டியும் பிழைத்துக்கொண்டார். கடைசியில் கலிபோர்னியாவில் மனோதத்துவப் பேராசிரியர்.

இரண்டு பேரும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு வெளியே வரவில்லை, போய்ச் சரணடைந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். ஒரு கோர்ட், நாலு சாட்சி, இதைவிடச் சிக்கனமான படம் எது? ஆனால் இந்தப் படங்களில் ஹீரோ கோர்ட் படியேறி நான் பார்த்ததே அபூர்வம். விலகும் ஆள் செய்த கொலைகளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பே பாதிப் படங்களுக்கு வருவதில்லை, எனக்கு அவற்றில் பெரிய குறையாகத் தெரிவது அதுதான். பத்துப் பேரைக் கொன்றவன் தொழிலை விடுவதற்காக இன்னும் நாற்பது பேரைக் கொல்கிறான், அதற்கு நாம் கைதட்டுகிறோம்.

பெண் கொலையாளி என்றாலே அழகாக உடுத்திக்கொண்டு சுடுவது மட்டும்தானா?
(இல்லத்தரசி, மதுரை)

பெரும்பாலும் ஆமாம், அதில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். இரண்டு விதிவிலக்கு சொல்கிறேன். 2017ல் வந்த கொரியப் படம் 'தி வில்லனெஸ்'. பத்து வருஷம் வேலை செய், அப்புறம் விட்டுவிடுகிறோம் என்று அரசாங்க உளவுத்துறை ஒரு பெண்ணோடு ஒப்பந்தம் போடும். அதில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே வாள்சண்டை உண்டு, கேமரா சக்கரத்துக்கு அடியிலெல்லாம் புகுந்து வரும்.

இன்னொன்று ஸ்டீவன் சோடர்பெர்க்கின் 'ஹேவயர்' (2011). ஜீனா கரானோ என்ற நிஜமான சண்டை வீராங்கனையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அவருக்காகவே எடுத்தார். அரசாங்கத்துக்குக் காண்ட்ராக்ட் வேலை செய்யும் கம்பெனியை விட்டு அவள் விலகப் போகிறாள், முதலாளி மாட்டிவிடுகிறான். டப்ளின் ஓட்டல் அறையில் கோட் சூட்டும் பார்ட்டி உடையுமாக இருவர் அடித்துக்கொள்வார்கள். பின்னணி இசை கிடையாது, மூச்சு வாங்குவதும் கண்ணாடி உடைவதும்தான் சத்தம். இசையை நிறுத்துவதற்குச் செலவு இல்லை என்பதை நம் ஆட்கள் யாராவது கவனித்தால் தேவலை.

ஐடி கம்பெனியில் பேப்பர் போட்டு, நோட்டீஸ் பீரியடில் இருக்கிறேன். எனக்கு ஏற்ற படம்?
(பெயர் வேண்டாம், பெங்களூரு)

'எ கம்பெனி மேன்', கொரியா, 2012. வெளியே பார்க்க உலோக வியாபாரக் கம்பெனி, உள்ளே கொலைதான் வேலை. டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போய், மேலதிகாரியிடம் திட்டு வாங்கும் கொலையாளிக்கு வேலையை விடும் ஆசை வருகிறது. படம் கடைசியில் சறுக்குகிறது, ஆனால் அந்த ஆபீஸ் காட்சிகள் உங்களுக்குப் பிடிக்கும். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்தபின் பாருங்கள்.

ஏன் எல்லா ஹீரோவும் வீட்டுத் தரையை உடைத்து ஆயுதத்தை எடுக்கிறான்? பீரோவில் வைத்தால் என்ன?
(கட்டடப் பொறியாளர், நாமக்கல்)

பீரோவைத் திறந்தால் சத்தம் வராதே.

நம் பழைய ஜெய்சங்கர் படங்களைச் சேர்க்காதது ஏன் அண்ணா?
(ரசிகர், சேலம்)

சேலத்துக்காரர் கேட்காமல் யார் கேட்பார். உங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) எல்லாம் குறைந்த செலவில் விறுவிறுப்பாக எடுப்பதற்குப் பாடப்புத்தகம். ஆனால் அவர் அதில் சட்டத்தின் பக்கம் நிற்கும் துப்பறிவாளர், வேலையை விடும் எண்ணமே கிடையாது, உற்சாகமாக அல்லவா செய்கிறார்! தனியாக ஒரு இதழுக்கு வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும். எது?
(மருத்துவமனைச் செவிலியர், வேலூர்)

ஜான் வூவின் 'தி கில்லர்', ஹாங்காங், 1989. தன் துப்பாக்கி வெடித்ததில் கண்பார்வை போன பாடகிக்கு ஆபரேஷன் செய்யப் பணம் வேண்டும் என்று ஒரு கொலையாளி கடைசியாக ஒரு வேலைக்கு ஒப்புக்கொள்கிறான். சென்டிமென்ட் தூக்கலாக இருக்கும், நம் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. சர்ச் சண்டை தொடங்கும் முன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், நடுவில் எழுந்திருக்க முடியாது.