ஹாஃப்லிங்குக்கு அரை வயிறு போதுமா?

கேள்வி (கீழக்கரை வாசகர்): நண்பர்களோடு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கற்பனைப் பாத்திர ஆட்டம் ஆடி வருகிறேன். என் பாத்திரம் ஹாஃப்லிங் என்னும் சிற்றுருவக் கற்பனை இனத்தில் ‘ஸ்டவுட்’ வகையைச் சேர்ந்தது. உயரம் மூன்றடிதான் என்பதால் எனக்குப் பாதி உணவே போதும் என்கிறார் ஆட்டத்தை நடத்தும் டிஎம். ஹாஃப்லிங்குகள் பெருந்தீனிக்காரர்கள், ஆனாலும் உடல் உறுதி மிக்கவர்கள், எனவே பட்டினியையும் மற்றவரைவிட அதிக நாள் தாங்குவார்கள் என்பது என் வாதம். யார் பக்கம் நியாயம்?

பதில்: விதிப்படி பார்த்தால் இருவர் பக்கமும் இல்லை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, சிறிய உருவத்தாருக்கும் மனித உருவத்தாருக்கும் ஒரே அளவைத்தான் வைத்திருக்கிறது: நாளுக்கு ஒரு பவுண்டு உணவு, ஒரு காலன் தண்ணீர். மிகச் சிறிய உயிர்களுக்குத்தான் அது கால் பங்காகக் குறைகிறது. உணவின்றித் தாங்கும் நாள்களும் யாருக்கும் மூன்றோடு கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) மாற்றெண்ணை, அதாவது அந்தத் திறனின் புள்ளிகளிலிருந்து வரும் சிறு எண்ணை, கூட்டிய அளவே. அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் ஒரு களைப்பு நிலை ஏறும். பாதி உணவு உண்ட நாள் அரைநாள் பட்டினியாகக் கணக்காகும் என்பதால், மாற்றெண் +2 உள்ள உங்கள் ஹாஃப்லிங் டிஎம் சொல்லும் அளவில் பத்து நாள் ஓட்டலாம். பதினோராம் நாள் தள்ளாடும்.

ஸ்டவுட் வகையின் உறுதியைப் பற்றிய எண்ணமும் சற்று மிகையானது. அதற்குக் கான்ஸ்டிடியூஷனில் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. அதே பதிப்பில் சாதாரண மனிதப் பாத்திரத்துக்கும் எல்லாத் திறன்களிலும் ஒரு புள்ளி கிடைக்கிறது, ட்வார்ஃப் என்ற மற்றொரு கற்பனை இனத்துக்கோ இரண்டு. ஸ்டவுட்டின் உண்மையான பலம் நஞ்சை எதிர்ப்பதில் இருக்கிறது: நஞ்சுக்கு எதிரான சேவிங் த்ரோவில், அதாவது பாதிப்பிலிருந்து தப்ப உருட்டும்போது, பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம், நஞ்சால் வரும் சேதமும் பாதியாகும். (2024 பதிப்பில் ஸ்டவுட் என்ற பிரிவும் இந்தச் சலுகையும் இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.)

விதியை விட்டு உடலியலுக்கு வந்தால் விஷயம் சுவையாகிறது. உயிரினங்கள் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல், எடைக்கு நேர் விகிதத்தில் அல்லாமல் எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்பதை உடலியலாளர் மாக்ஸ் கிளைபர் 1932இல் காட்டினார். ஹாஃப்லிங்கின் எடை ஏறத்தாழ 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. 72 கிலோ மனிதரோடு ஒப்பிட்டால் எடை கால் பங்கு; ஆனால் தேவைப்படும் உணவு கால் பங்கு அன்று, ஏறக்குறைய 35 சதவீதம். மொத்த அளவில் டிஎம் சொல்வதைவிடவும் குறைவு. ஆனால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் மனிதரைவிட நாற்பது சதவீதம் அதிகம். தனுஷ்கோடிக் கரையில் கொசு உள்ளான் என்னும் சிறு பறவைகள் அலை வாங்கும் ஈரமண்ணை ஓயாமல் கொத்திக்கொண்டிருப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே ஹாஃப்லிங் அடிக்கடி உண்பவர் என்ற மரபை உடலியல் ஏற்கிறது; பட்டினி தாங்குவார் என்பதைத்தான் ஏற்கவில்லை. உடலில் உள்ள கொழுப்புச் சேமிப்பு எடைக்கு ஏற்பக் கால் பங்காகிறது, செலவோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நிற்கிறது. ஆக, மனிதர் தாங்கும் காலத்தில் எழுபது சதவீதமே அவர் தாங்குவார்.

நஞ்சிலும் இதே சிக்கல். பேத்தை மீனின் நஞ்சு ஒரே அளவில் இருவர் உடலிலும் சென்றால், ஹாஃப்லிங்கின் உடலில் அது நான்கு மடங்கு செறிவாக இருக்கும். எனவே ஸ்டவுட்டின் நஞ்செதிர்ப்பு உருவத்தால் வந்தது அன்று. அவர்களிடம் ட்வார்ஃப் இரத்தம் கலந்திருக்கிறது என்று ஆட்ட நூல் சொல்லும் வதந்தியோடு அதை விட்டுவிடுவதே நல்லது.

உங்கள் டிஎம்மிடம் ஓர் உடன்பாடு பேசிப் பாருங்கள்: நாளுக்கு மூன்றில் ஒரு பவுண்டு உணவு போதும், ஆனால் பட்டினி தாங்கும் நாள்களில் ஒன்று குறையும். மூட்டை இலகுவாகும், கைவசம் உணவு தீர்ந்த நாளிலோ மற்றவர்களைவிட முன்னதாகவே உங்கள் பாத்திரம் சோரும்.

கேள்வி (மண்டபம் வாசகர்): எங்கள் கதை தனுஷ்கோடி மணலில் நடக்கிறது. மூன்று நாள் பயணத்துக்கு ஒரு ஹாஃப்லிங் என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

பதில்: உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆட்டத்தில் பயண உணவு என்பது உலர்ந்த இறைச்சி, உலர்ந்த பழம், கெட்டி ரொட்டி, கொட்டைகள். நம் கரையில் அவல், கருப்பட்டி, வேர்க்கடலை, கொஞ்சம் கருவாடு என்று மாற்றிக்கொள்ளலாம். கீழக்கரைத் தொதல் இனிப்பையும் சேர்த்தால் யார் தடுப்பார்?

தொல்லை தண்ணீரில்தான். வெயில் கடுமையானால் தேவை நாளுக்கு இரண்டு காலன் என்கிறது விதி. அதன் எடை ஏறக்குறைய 17 பவுண்டு. மூன்று நாளுக்கு 50 பவுண்டு, அதாவது ஹாஃப்லிங்கின் சொந்த எடையைவிட அதிகம். ஸ்ட்ரெங்த் (வலிமை) 10 உள்ள எவரும் 150 பவுண்டு சுமக்கலாம் என்று விதி தாராளமாக அனுமதித்தாலும், மூன்றடி ஆள் மணலில் அப்படி நடப்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. தனுஷ்கோடிவாசிகள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுப்பவர்கள். அதையே கதைக்குள் கொண்டுவாருங்கள். உணவும் நீரும் ஓரளவே கிடைக்கும் நிலம் என்று வைத்துக்கொண்டால், விஸ்டம் (சர்வைவல்) சோதனையில், அதாவது பிழைத்திருக்கும் திறனைப் பகடையால் சோதிக்கையில், 15 எடுக்க வேண்டும்; வென்றால் அறுமுகப் பகடையின் எண்ணோடு விஸ்டம் மாற்றெண்ணைக் கூட்டிய அளவு காலன் தண்ணீர் கிடைக்கும்.